உழவர் ‘பார்ப்போம்’ என்று சொல்வது ஏன்?

ஏக்கருக்கு 25 கிலோ விதைநெல் போட்டுவந்த இடத்தில் 2 அல்லது 3 கிலோ போதும். எட்டு சென்ட் நாற்றங்காலுக்குப் பதில் ஒரு சென்ட். தண்ணீர் மிச்சம், மகசூல் கூடுதல். இப்படி ஒரு சாகுபடி முறையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் வேண்டாம் என்பாரா ஓர் உழவர்? பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். “பார்ப்போம்” என்பார். அடுத்த பட்டத்தில் பழைய முறையிலேயே நட்டிருப்பார்.

அந்த முறையின் பெயர் செம்மை நெல் சாகுபடி. அது தமிழ்நாட்டுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வைத் தொடங்கியது. 2003-04-இல் காவிரிப் பாசனப் பகுதியிலும் தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் உழவர்களின் சொந்த வயல்களிலேயே செய்து காட்டியது. உலக வங்கி உதவியுடன் நடந்த நீர்வளத் திட்டத்தில் அது இடம்பெற்றது. 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழாவை ஒட்டி ‘ராஜராஜன் 1000’ என்ற பெயரும் கிடைத்தது. மானியம், களைக்கருவி, வானொலி உரை, செயல்விளக்கத் திடல் என்று எதற்கும் குறைவில்லை. அவ்வளவுக்குப் பிறகும், சொன்னபடி முழுதாகச் செய்கிறவர்கள் சிறுபான்மையினர்தான்.

ஏன் என்று கேட்டால் அறிக்கைகளில் ஆயத்தமாக ஒரு விடை இருக்கும்: “விழிப்புணர்வு போதவில்லை, உழவர்களின் மனநிலை மாற வேண்டும்.” இந்த விடையில் எனக்கு நம்பிக்கை இல்லை. டெல்டாவில் எந்த டீக்கடையில் கேட்டாலும் ஒற்றை நாற்று நடவு என்றால் என்ன என்று விளக்கத் தெரிந்தவர் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். அதில் என்ன சிக்கல் என்றும் அவரே சொல்லிவிடுவார். தெரியாமல் செய்யாதிருப்பது வேறு, தெரிந்தே செய்யாதிருப்பது வேறு. இரண்டாவதைப் புரிந்துகொள்ளத்தான் உளவியல் தேவைப்படுகிறது. ஆனால் அந்த உளவியலைச் சரியாகப் படித்தால், பழியை உழவரின் மனத்தின் மீது போடுவது எவ்வளவு சோம்பேறித்தனம் என்பதும் சேர்ந்தே தெரியவரும்.

முதலில் முறை. 14 அல்லது 15 நாள் வயதுள்ள நாற்றை, வேர் அறுந்துவிடாமல் மண்ணோடு பெயர்த்து, குத்துக்கு (நாற்று ஊன்றும் ஒவ்வோர் இடத்துக்கும்) ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். வயலில் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், மண்ணில் மயிரிழை போல வெடிப்பு காணும்போது மெல்லிய அளவில் பாய்ச்ச வேண்டும். நட்ட பத்தாம் நாள் தொடங்கிப் பத்து நாளுக்கு ஒரு முறை கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவியை வரிசைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகத் தள்ள வேண்டும். இயற்கை எரு கூடுதலாக இட வேண்டும். இதன் தொடக்கம் மடகாஸ்கரில். அங்கே உழவர்களோடு பல ஆண்டுகள் பணியாற்றிய ஆன்றி த லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியாருக்கு, 1983-இல் மழை தவறியதால் வழக்கத்தைவிட மிக இளைய நாற்றுகளை நட நேர்ந்தது. அவை அடியிலிருந்து பல கிளைகள் விட்டு, எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டின. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் இதை உலகெங்கும் கொண்டுசென்றார். ஒற்றை நாற்று நடுவது நமக்கு முற்றிலும் புதிதும் அல்ல. நூறாண்டுக்கு முன் சென்னை மாகாண வேளாண் துறையே அதைப் பரப்ப முயன்றிருக்கிறது.

இனி உளவியல். ஒருவர் ஒரு செயலைச் செய்வாரா மாட்டாரா என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், அவருடைய எண்ணத்தை அளந்தால் போதும் என்று 1975-இல் மார்ட்டின் ஃபிஷ்பைன், ஐசெக் ஐசன் ஆகிய இருவரும் எழுதினார்கள். அந்த எண்ணம் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்பது அவர்கள் கருத்து. அந்தச் செயலால் நன்மையா தீமையா என்று அவரே போடும் கணக்கு ஒன்று. தனக்கு வேண்டியவர்கள் அதைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற உணர்வு மற்றொன்று. பத்தாண்டு கழித்து, 1985-இல், ஐசன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: “இது என்னால் முடியுமா, என் கையில் இருக்கிறதா?” என்ற மதிப்பீடு. மனிதர் செய்யும் எல்லாம் அவர் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதை ஒப்புக்கொண்டதால் வந்த திருத்தம் இது. திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு என்ற பெயரில் இன்று வேளாண்மை முதல் தடுப்பூசி வரை ஆயிரக்கணக்கான ஆய்வுகளில் பயன்படுவது இந்த மூன்றும் சேர்ந்த வடிவம்தான். என் பார்வையில், செம்மை நெல்லின் கதை முழுக்க அந்த மூன்றாவது ஊற்றைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் பரப்புரை முழுக்க முதல் ஊற்றிலேயே நடந்தது.

முதல் கணக்கை எடுத்துக்கொள்வோம். நன்மை என்ன என்று கேட்டால் மகசூல், விதை மிச்சம், தண்ணீர் மிச்சம் என்று துண்டறிக்கையில் உள்ளதை உழவரும் சொல்வார். அவர் மனத்தில் ஓடும் தீமைப் பட்டியல் துண்டறிக்கையில் இருக்காது. வழக்கமான நடவில் ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது குத்து, குத்துக்கு மூன்று என்று வைத்தால் நூற்றைம்பது நாற்று நிற்கும். செம்மை நெல்லில் பதினாறு குத்து, பதினாறே நாற்று. அதுவும் விரல் நீளத்துக்குச் சற்று மேல், தண்ணீருக்கு வெளியே தலை நீட்டத் திணறும் குஞ்சு நாற்று. வயல் நண்டு ஒன்று இரவில் நான்கு நாற்றை அறுத்துப்போட்டால் பழைய நடவில் யார் கண்ணிலும் படாது. இங்கே அது ஒரு சதுர மீட்டரில் கால் பங்கு. சம்பா நட்ட மறுவாரம் வடகிழக்குப் பருவமழை ஒரு நாள் வெளுத்து வாங்கினால், 30 நாள் நாற்று தப்பிக்கும். 15 நாள் நாற்று மூழ்கும். குத்துக்கு நான்கு நாற்று வைப்பதை விதை விரயம் என்று வேளாண் விஞ்ஞானி சொல்கிறார். உழவர் அதைக் காப்பீடாகப் பார்க்கிறார். இரண்டு பேரும் சரிதான். இருவரும் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. சராசரியாக எவ்வளவு கிடைக்கும் என்பது விஞ்ஞானியின் கேள்வி. மோசமான ஆண்டில் என்ன மிஞ்சும் என்பது உழவரின் கேள்வி.

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இடத்துக்குப் பொருந்தும். ஒரே அளவு ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி கூடுதலாக உறைக்கிறது என்பது அவர்கள் காட்டியது. பின்னர் செய்த கணக்குகளில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. இதை மனிதப் பிழை என்று சொல்லிப் பாடம் நடத்துகிறவர்கள் உண்டு. அடகு வைத்த நகையை அறுவடையில் மீட்க வேண்டியவருக்கு அது பிழையல்ல. ஐந்து மூட்டை கூடுதலாக வந்தால் மகிழ்ச்சி, ஐந்து மூட்டை குறைந்தால் நகை ஏலம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொல்வது அநியாயம்.

நட்ட முதல் மாதத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். நட்ட அன்று வயல் வெறும் சேறாகத் தெரியும். ஐந்தாம் நாள் போனால் மஞ்சளோடிய சின்னப் புள்ளிகள். பத்தாம் நாள் பக்கத்து வயல் பச்சைக் கம்பளமாக இருக்கும். இங்கே புள்ளிகளுக்கு நடுவில் களை முளைத்திருக்கும், ஏனென்றால் தேங்கிய தண்ணீர் இல்லை. களைக்கருவியை ஓட்டினால் பயிர் கலங்கிப்போனது போல ஒரு தோற்றம். இருபதாம் நாள் வரை நம்பிக்கை தர ஒன்றுமே இருக்காது. அதற்குப் பிறகுதான் தூர் வெடிக்கத் தொடங்கும். நாற்பதாம் நாள் ஒரு குத்தில் முப்பது, நாற்பது தூர் என்று எண்ணலாம். அதாவது நட்டம் வந்துவிடுமோ என்ற பயம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. பலன் பிந்தி வருகிறது. நடுவிலுள்ள மூன்று வாரத்தில் உழவர் தினமும் அந்த வரப்பில் நடந்தாக வேண்டும். செயல்விளக்கத் திடலுக்கு ஊராரை அறுவடை நாளில் மட்டும் அழைத்துப்போய்ப் படம் எடுக்கும் வழக்கத்தை நான் குறையாகவே பார்க்கிறேன். அழைத்துப்போக வேண்டிய நாள் பத்தாம் நாள். “இப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள்” என்று யாராவது சொல்ல வேண்டிய நாள் அது.

அந்த மூன்று வாரத்தில் வரப்பில் நடப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. “என்ன அண்ணே, நடவு பாதியிலேயே நின்றுவிட்டதா?” என்று ஒருவர் கேட்பார். “நாற்று பற்றவில்லையா? கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனே மாப்பிள்ளை” என்று சிரித்துக்கொண்டே இன்னொருவர். வீட்டுக்கு வந்தால் அப்பா ஒன்றும் பேசமாட்டார், அது இன்னும் மோசம். இதுதான் ஐசனின் இரண்டாவது ஊற்று. நெல் வயல் ஒளித்து வைக்க முடியாத இடம். பயிர் எப்படி நிற்கிறது என்பதை வைத்துத்தான் ஊரில் ஒருவரின் கைத்திறனும் பொறுப்பும் எடைபோடப்படுகின்றன. களை மண்டிய வயலுக்குச் சொந்தக்காரர் என்ற பெயர் அடுத்த பட்டம் வரை தொடரும். குத்தகைக்கு உழுபவருக்கு இது பெயரோடு நிற்காது. நிலக்காரருக்கு நம்பிக்கை போனால் குத்தகையே போய்விடலாம். நிலம் சொந்தமா குத்தகையா என்பது உளவியல் கேள்வித்தாளில் கடைசிப் பக்கத்தில் பொதுவிவரமாக வரும். உண்மையில் அது முதல் பக்கத்தில் வர வேண்டிய கேள்வி.

ஊர்க்கண் எப்போதும் தடையாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 259 உழவர்களைக் கேட்டு 1943-இல் எழுதியது இத்துறையின் ஆதி ஆய்வுகளில் ஒன்று. 1941 வாக்கில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் மாறியிருந்தார்கள். விதையைப் பற்றிப் பலருக்கு முதலில் சொன்னது விற்பனையாளர். நம்ப வைத்தது அக்கம்பக்கத்து உழவர். முன்னோடிகள்கூட முதல் ஆண்டில் நிலத்தில் சிறு பகுதியில்தான் போட்டுப் பார்த்தார்கள். எவரெட் ராஜர்ஸ் 1962-இல் புதுமை பரவும் விதத்தைப் பொதுவாக விளக்கியபோது, சிறிய அளவில் செய்து பார்க்க முடிவதையும் பலன் பிறர் கண்ணுக்குத் தெரிவதையும் முக்கிய பண்புகளாகச் சேர்த்துக்கொண்டார்.

அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கற்பதில் ஒரு தந்திரமும் ஒளிந்திருக்கிறது. பசுமைப் புரட்சிக் கால இந்திய உழவர்களின் விவரங்களை வைத்து ஆண்ட்ரூ ஃபாஸ்டர், மார்க் ரோசன்ஸ்வைக் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, பக்கத்து வயல்காரரின் அனுபவம் தனக்கும் லாபமாகிறது என்று காட்டியது. அப்படியானால் புத்திசாலி என்ன செய்வார்? அடுத்தவர் முதலில் செய்து பார்க்கட்டும் என்று காத்திருப்பார். எல்லோரும் புத்திசாலிகளாக இருக்கும் ஊரில் ஒருவரும் தொடங்கமாட்டார். “பார்ப்போம்” என்ற சொல்லில் தயக்கம் பாதி என்றால் இந்தக் கணக்கு பாதி. முதலில் இறங்குகிறவருக்கு நட்டம் வந்தால் ஈடு செய்வோம் என்று அரசு உறுதி சொல்வது, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மானியம் கொடுப்பதைவிடப் பயனுள்ளதாக இருக்கும் என்பது என் கருத்து. ஏனென்றால் அவர் ஊருக்காகச் சோதனை செய்கிறார்.

மூன்றாவது ஊற்றுக்கு வருவோம். உழவருக்கு ஆசை வந்துவிட்டது, வீட்டில் சம்மதம், ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நடவுக்கு யார் இறங்குவார்கள்? அவர் இறங்கமாட்டார். பெண்கள் குழு இறங்கும். அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் பேசிய கூலி. ஒரு கைப்பிடி நாற்றை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கை விரல்களால் மூன்று நான்காகப் பிரித்துச் சேற்றில் செருகிப் பின்னால் நகரும் வேகம் பல ஆண்டுப் பழக்கத்தில் வந்தது. கண் பார்க்காமலே கை நடும். அந்தக் கையிடம் இப்போது, கட்டாக இல்லாமல் தட்டில் வைத்த குஞ்சு நாற்றை ஒவ்வொன்றாக எடு, விதை ஒட்டியிருக்கும்படி மண்ணோடு எடு, ஆழமாக அழுத்தாதே, குறியிட்ட கோடுகள் வெட்டும் இடத்தில் வை என்று சொல்கிறோம். முதல் நாள் வேகம் பாதியாகிவிடும். கூலி அதேதான் என்றால் அந்தப் பெண்கள் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? ஒப்புக்கொண்டு வந்தாலும் மாலை நான்கு மணிக்கு மேல் இடைவெளி தானாகக் குறையும், ஒன்று இரண்டாகும். இதை அவர்களின் அலட்சியம் என்று எழுதிய குறிப்புகள் உண்டு. நடுபவர் கைக்கு இந்த முறையில் என்ன லாபம் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா என்று அந்தப் பெண்கள் திருப்பிக் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

களையெடுப்பில் இன்னொரு சிக்கல். கைக்களை பெண்கள் வேலை. கோனோவீடர் சேற்றில் கனக்கும். அதைத் தள்ள ஆண்களைத்தான் பெரும்பாலும் கூப்பிடுகிறார்கள். ஆண் கூலி பெண் கூலியைவிட அதிகம். அதுவும் ஒரு தடவை தள்ளினால் போதாது, மூன்று நான்கு தடவை தள்ள வேண்டும். களையெடுப்புச் செலவு மிச்சமாகிறது என்ற துண்டறிக்கைக் கணக்கும், கூலி கூடுகிறது என்ற வீட்டுக் கணக்கும் மோதுமிடம் இது. களையெடுப்பில் வேலை இழக்கும் பெண்கள் நடவுக்கு மட்டும் முகமலர்ச்சியோடு வருவார்களா என்பது தனிக் கேள்வி.

தண்ணீர் எல்லாவற்றிலும் பெரிய தடை. கிணற்றுப் பாசனக்காரர் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம்; காய்ச்சலும் பாய்ச்சலும் அவர் விருப்பம். ஆற்றுப் பாசனத்தில் வாய்க்கால் வரும்போது வரும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பது மரபு. திறப்பது அணையின் இருப்பையும் கர்நாடகம் விடும் நீரையும் பொறுத்தது. தண்ணீர் வரும் என்று நம்பி நாற்று விட்டு, வாய்க்காலில் வர 10 நாள் பிந்தினால், வழக்கமான நாற்று 25 நாளுக்குப் பதில் 35 நாளில் நடப்படும். கொஞ்சம் மகசூல் குறையும், அவ்வளவுதான். 14 நாளில் நட வேண்டிய நாற்று 24 நாளாகிவிட்டால் முறையின் அடிப்படையே போய்விடுகிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும் இடத்தில், அடுத்த முறை எப்போது என்று தெரியாதவரிடம் ‘வெடிப்பு கண்ட பிறகு பாய்ச்சுங்கள்’ என்றால், வந்த தண்ணீரைக் கட்டி வைக்காமல் விடுவதற்கு அவர் பைத்தியக்காரரா? மழைக்காலத்தில் கதை தலைகீழ். மேல்வயல் தண்ணீர் வழிந்து தாழ்ந்த வயலில் நிற்கும். வடிக்க வழி இருக்காது.

இதையெல்லாம் கேள்வித்தாளில் ‘கட்டுப்பாட்டு உணர்வு’ என்று ஒரு எண்ணாக மாற்றுவார்கள். ‘இம்முறையை என்னால் எளிதில் செய்ய முடியும்’ என்ற வாக்கியத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். உழவர் இரண்டு போடுகிறார். ஆய்வாளர் அதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று படித்து, பயிற்சி கொடுங்கள் என்று பரிந்துரைக்கிறார். ஆல்பர்ட் பண்டூரா 1977 முதல் எழுதிவந்த தன்திறன் நம்பிக்கை உண்மையில் வேறு. அது சில இடங்களில் இங்கும் வேலை செய்கிறது: பாய் போலச் சுருட்டி எடுக்கும்படி வளர்க்கும் பாய் நாற்றங்கால் ஒரு முறை சரியாக வந்துவிட்டால் மறுமுறை கை நடுங்காது. ஆனால் வாய்க்கால் தண்ணீரைப் பற்றி இரண்டு மதிப்பெண் போட்டவர் தன்னைக் குறைத்து மதிப்பிடவில்லை. வாய்க்காலைச் சரியாக மதிப்பிட்டிருக்கிறார். மனத்தை அளக்கும் கருவி சில நேரம் மதகையும் கூலியையும் அளந்துகொண்டிருக்கிறது. அளப்பவர் அதைக் கவனிக்காவிட்டால், மதகில் செய்ய வேண்டிய வேலையை மண்டையில் செய்யப் புறப்படுவார்.

எண்ணம் உறுதியாக இருந்தும் செயல் நிகழாத இடமும் உண்டு. 2001-இல் கிறிஸ்டோபர் ஆர்மிடேஜ், மார்க் கானர் என்ற இருவர் ஐசன் கோட்பாட்டை வைத்து நடந்த 185 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்களின் எண்ணங்களில் உள்ள வேறுபாட்டில் 39 விழுக்காட்டைக் கோட்பாடு விளக்கியது. நடத்தையில் 27 விழுக்காட்டைத்தான். மேற்குக் கென்யாவில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜொனதன் ராபின்சன் ஆகியோர் கண்டது இன்னும் கூர்மையானது. உரம் போட்டால் லாபம் என்று தங்கள் நிலத்திலேயே பார்த்த உழவர்களிடம் அடுத்த பருவத்தில் போடுவீர்களா என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லோரும் போடுவோம் என்றார்கள். போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினார்கள். அறுவடை முடிந்து கையில் பணம் இருக்கும்போது விதைப்பு தொலைவில் தெரிகிறது. விதைப்பு வரும்போது பணம் கரைந்திருக்கிறது. அறுவடை முடிந்த கையோடு வீடு தேடிப் போய், ‘இப்போதே உரத்துக்குப் பணம் கட்டினால், கொண்டுவரும் செலவில்லாமல் வீட்டுக்கே வந்து சேரும்’ என்று சின்னச் சலுகை காட்டியபோது, பிற்பாடு பாதி விலைக்குக் கொடுப்பதற்கு நிகரான பலன் கிடைத்தது. சலுகை சிறியது, அது வந்த நாள்தான் சரியானது.

நம் ஊரில் கோனோவீடர் எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். தேவை நட்ட பத்தாம் நாள். நிதி ஒதுக்கீடும் ஒப்பந்தமும் முடிந்து கருவி வந்து சேரும் நாளைக் கோப்பு முடிவு செய்கிறது. பயிர் மூடிக்கொண்ட பிறகு வந்த களைக்கருவி மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கும்.

உழவர் மாற்றத்துக்கே எதிரி என்பவர்களுக்கு ஐ.ஆர்.8 நெல்லை நினைவூட்டலாம். 1966-இல் வெளியான அந்தக் குட்டை ரகத்தின் சோறு ருசியில்லை என்று எல்லோரும் திட்டினார்கள். ஆனாலும் அது காட்டுத்தீயாகப் பரவியது. வட ஆர்க்காட்டில் ஓர் உழவர் தன் மகனுக்கே ‘ஐ.ஆர்.எட்டு’ என்று பெயர் வைத்தார். விதையை மாற்றுவது ஒரே ஒரு முடிவு. கடையில் எடுக்கும் முடிவு. அதன் பிறகு நாற்று விடுவதும் நடுவதும் பழைய கைகளே, பழைய வேகமே. செம்மை நெல் அப்படியல்ல. அது ஒரு பொருளாக வருவதில்லை. மூன்று மாதத்துக்குத் தொடர்ந்து, பல பேர் சேர்ந்து, நாள் தவறாமல் எடுக்க வேண்டிய இருபது முடிவுகளாக வருகிறது. நெல் அறுவடை இயந்திரமும் இதே டெல்டாவில் வேகமாகப் பரவியது. அதற்கு யாரும் மனநிலை மாற்றப் பயிற்சி நடத்தவில்லை. அறுக்க ஆள் கிடைக்கவில்லை, இயந்திரம் வந்தது, ஏற்றுக்கொண்டார்கள்.

மடகாஸ்கரிலேயே இந்த முறை தடுமாறியது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2003-இல் கிறிஸ்டின் மோசர், கிறிஸ்டோபர் பாரெட் வெளியிட்ட ஆய்வில், தொடங்கியவர்கள் குறைவு என்பதோடு, தொடங்கிய பிறகு கைவிட்டவர்கள் நிறைய என்பதும் தெரிந்தது. மகசூல் கூடியதை அவர்கள் மறுக்கவில்லை. கையில் காசும் வீட்டில் அரிசியும் தீர்ந்திருக்கும் பஞ்ச மாதங்களில்தான் இந்த முறை கூடுதல் உழைப்பைக் கேட்கிறது. ஏழை உழவர் அந்த மாதங்களில் அன்றாடக் கூலிக்கு அடுத்தவர் வயலுக்குப் போயாக வேண்டும். செய்து பார்த்து, பலனையும் கண்டு, விட்டுவிட்டவரிடம் எந்த விழிப்புணர்வு முகாம் என்ன சொல்லும்?

இந்தியாவில் விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, ஏற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. 13 மாநிலங்களில் 2,234 உழவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், செம்மை நெல் செய்வதாகக் கணக்கில் வந்த வயல்களில் 41 விழுக்காட்டில் அதன் கூறுகளில் ஏதேனும் ஒன்று மட்டுமே இருந்தது. 39 விழுக்காட்டில் இரண்டு மூன்று கூறுகள். எல்லாக் கூறுகளும் இருந்தவை 20 விழுக்காடு. முழுதாகச் செய்தவர்களுக்கு மகசூல் மிக அதிகம் கூடியது. ஆனால் ஒரு கூறை மட்டும் எடுத்தவர்களுக்கும் செலவு குறைந்து வருமானம் கூடியிருந்தது. திட்டப் பதிவேட்டின்படி இவர்கள் அரைகுறை. நான் இவர்களைத்தான் கெட்டிக்காரர்கள் என்பேன். தங்கள் கையில் உள்ளதை எடுத்துக்கொண்டு, வாய்க்காலின் கையிலும் கூலியின் கையிலும் உள்ளதை விட்டுவிட்டவர்கள். கிணறு உள்ளவர் தண்ணீர் முறையை எடுத்துக்கொள்வார். நடவுக்குழுவோடு நல்ல உறவு உள்ளவர் இடைவெளியை எடுத்துக்கொள்வார். விதை விலை உறுத்துகிறவர் குத்துக்கு நான்கை இரண்டாக்குவார்.

எனவே ஒரு புதிய முறையைப் பரப்பப் போகிறவர் கேள்வித்தாளை உழவரிடம் நீட்டுவதற்கு முன் வேறு சிலரைப் பார்த்து வரலாம். நடவுக்குழுவை நடத்தும் பெண்ணிடம், ஒற்றை நாற்றுக்கு ஏக்கருக்கு என்ன கூலி என்றால் வருவீர்கள் என்று கேட்கலாம். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவரிடம், முறைத் தேதியை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். இந்த இருவரின் விடை தெரிந்தால் அந்த ஊரில் எத்தனை பேருக்கு ‘எண்ணம்’ வரும் என்பதைப் பெருமளவு ஊகித்துவிடலாம். அதன் பிறகும் மிஞ்சும் தயக்கம் உண்மையிலேயே மனம் சார்ந்தது. பத்தாம் நாள் பயமும் ஊர்ச் சிரிப்பும் அதில் அடக்கம். அதற்கு மருந்து, ஏற்கெனவே செய்த இன்னோர் உழவரைச் சரியான நாளில் அழைத்துவந்து வரப்பில் நிறுத்துவது.

இதற்கிடையில் நடவுக்கு ஆள் கிடைக்காத ஊர்களில் நடவு இயந்திரம் வந்துவிட்டது. அதற்குப் பாய் நாற்றங்கால்தான் போட வேண்டும், நாற்றும் 15 முதல் 18 நாளுக்குள்தான் இருக்க வேண்டும். முற்றிய நாற்றை இயந்திரம் ஏற்காது. 14 நாள் நாற்றா என்று பல ஆண்டுகள் தலையசைத்த உழவர், இப்போது இயந்திரக்காரர் சொன்ன தேதிக்கு இளநாற்றைச் சுருட்டித் தயாராக வைத்திருக்கிறார். நாற்றின் வயதைப் பற்றி அவருடைய மனப்பாங்கு என்னவென்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.